எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஆராய்ச்சி: கைடை எப்படித் தேடுவது, எங்கிருந்து தொடங்குவது?

அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. ஆராய்ச்சி செய்ய ஆசை, வழி தெரியவில்லை. இரண்டு பேராசிரியர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஒருவர் "முதல்ல பாஸ் பண்ணும்மா" என்று அனுப்பிவிட்டார், இன்னொருவர் பதிலே சொல்லவில்லை. சீனியர்களோ மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படி, இதெல்லாம் வெட்டி வேலை என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆர். மாணவர்களுக்கு நடத்தும் எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா, நல்ல கைடு கிடைக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நான் சமூக மருத்துவத் துறையில், பழைய ஆட்கள் எஸ்.பி.எம். என்று சொல்லும் துறையில், பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்குக் கைடாக இருந்திருக்கிறேன், மோசமான கைடாகவும் இருந்திருக்கிறேன். இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. நீட் பி.ஜி. ரேங்க் அந்த ஒரு தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வருவது. எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கான ஐ.என்.ஐ. செட் தேர்வும் அப்படியே. பத்து ஆய்வுக் கட்டுரை, அதாவது பேப்பர், போட்டிருந்தாலும் கவுன்சலிங்கில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. சீட்டுதான் குறி என்றால் எஸ்.டி.எஸ். ஆய்வுக்குப் போகும் அந்த இரண்டு மாதத்தில் எம்.சி.க்யூ. (கொள்குறி வினா) போட்டுப் பாருங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியில் சேர நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே விண்ணப்பத்திலேயே இதற்கென்று இடம் இருக்கிறது.

மிச்சப் பாதியைச் சீனியர்கள் இன்னும் அனுபவிக்கவில்லை. பி.ஜி. சேர்ந்ததும் தீசிஸ் கட்டாயம். ஆராய்ச்சி முறைகள் பற்றிய ஆன்லைன் பாடமும் முடிக்க வேண்டும். முதல் வருடம், டியூட்டி முடிந்து கண் சொருகும் நேரத்தில், 'ஸ்டடி டிசைன்' என்றால் என்ன என்று முதன்முறையாகப் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். அது மட்டும் இல்லை. நாளைக்கு உங்கள் ஓ.பி. முடியும் நேரத்தில் மெடிக்கல் ரெப் வந்து, வழவழப்பான காகிதத்தில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாத்திரை மாரடைப்பை 50 சதவீதம் குறைக்குது டாக்டர்" என்பார். நூறு பேரில் இரண்டு பேருக்கு வந்தது ஒருவருக்குக் குறைந்தாலும் அது 50 சதவீதம்தான். எதிலிருந்து எதற்கு என்று உடனே கேட்கத் தோன்ற வேண்டும். ஒரு சின்ன ஆய்வையாவது தன் கையால் செய்து பார்த்தவருக்கு அது தானாகத் தோன்றும்.

சரி, கைடு விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்கள் எல்லாரும் தலைப்பைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். தேட வேண்டியது ஆளை. நல்ல ஆள் கிடைத்தால் சுமாரான தலைப்பும் தேறிவிடும். ஆள் சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட தலைப்பும் வீண்.

ஆள் ஏன் கிடைப்பதில்லை? சமீரன் நந்தி என்ற மூத்த அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய சகாக்களும் 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்களிலிருந்து எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வந்தன என்று எண்ணிப் பார்த்தார்கள். 332 நிறுவனங்களிலிருந்து, அதாவது 57 சதவீதத்துக்கும் மேல், ஒன்றுகூட வரவில்லை. வருடத்துக்கு நூறுக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25. இதைப் படித்த பிறகு அந்த 'பாஸ் பண்ணும்மா' பேராசிரியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மாணவராக இருந்தபோது அவரையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தெரியாது என்று ஒரு மாணவியிடம் சொல்வதைவிட 'நேரமில்லை' என்பது சுலபம்.

என் கதையையும் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில், ஒரு மாணவனுக்குக் கைடாகக் கையெழுத்துப் போட்டேன். நகரப் பகுதியில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் அளக்க வேண்டும், 150 பேர். ஆரம்பத்தில் ஒரு நாள் கூடப் போனேன். அப்புறம் இன்ஸ்பெக்ஷன், பரீட்சை, அது இது என்று ஆறு வாரம் அவனைப் பார்க்கவே இல்லை. கடைசியில் எக்செல் ஷீட் வந்தது. அழகான ஷீட். 117/73, 131/85, 123/79 என்று வரிசையாக எண்கள். அளந்ததோ பாதரசக் கருவியில். அதில் கோடுகள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும். ஒற்றைப்படை எண்ணைப் படிக்க அங்கே கோடே கிடையாது. உண்மையாக அளப்பவர் எழுதும் தப்புகூட வேறு மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் 120, 130, 140 என்று பூஜ்யத்தில் முடிப்பார்.

கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பது வீட்டுக்கு மேல முடியல சார்" என்றான். மதியம் போனால் வீடுகளில் ஆளில்லை. சாயங்காலம் போனால் ஹாஸ்டலில் கேள்வி. என்னிடம் சொல்ல இரண்டு முறை வந்தானாம், நான் மீட்டிங்கில் இருந்தேனாம். மிச்ச 110 பேரையும் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து 'அளந்து' முடித்துவிட்டான். ரிப்போர்ட்டை அனுப்பவில்லை, அத்தோடு விட்டோம். அவன் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாற்பதாவது வீட்டில் அவன் திணறியபோது வாரம் ஒரு முறை அவனைப் பார்க்கும் ஆளாக நான் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் போகச் சொல்லியிருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாணவர் எடுக்கும் ஒவ்வொரு பத்து படிவத்துக்கும் ஒரு முறை, அச்சுத்தாளோடு என் முன் வந்து உட்கார வேண்டும். அரை மணி நேரம் போதும்.

ஆகவே நீங்கள் கைடிடம் தேட வேண்டியது பதவியோ பேப்பர் எண்ணிக்கையோ இல்லை. வாரத்துக்கு அரை மணி நேரம் கொடுப்பாரா என்பதைப் பாருங்கள். துறைத் தலைவரைவிட, பி.ஜி. முடித்து இரண்டு மூன்று வருடம் ஆன உதவிப் பேராசிரியரிடம் இது கிடைக்க வாய்ப்பு அதிகம். தீசிஸ் எழுதிய சூடு இன்னும் ஆறியிருக்காது. அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்த சீனியரைப் பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள்: ரிப்போர்ட்டைத் திருத்தித் தந்தாரா? பேப்பரில் உன் பெயர் எங்கே வந்தது? பதிலைவிட, அவர் சொல்லும்போது முகம் போகும் போக்கைக் கவனியுங்கள். அப்புறம், கைடு ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கையெழுத்துப் போடுபவர் ஒருவர், புள்ளியியல் சொல்லித் தருபவர் எங்கள் துறை ஸ்டாட்டிஸ்டிஷியன், வார்டில் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று காட்டுவது பி.ஜி. அக்கா. என் மாணவர்கள் பலர் என்னைவிட அந்த அக்காவிடம்தான் அதிகம் கற்றார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. பி.ஜி. தீசிஸுக்கு டேட்டா எடுத்துக் கொடுக்கும் கூலியில்லா ஆளாக மாறிவிடாதீர்கள். ஒரு முறை கூடப் போய்ப் பார்ப்பது பாடம், மூன்றாவது முறையும் அதே படிவத்தையே நிரப்பிக்கொண்டிருந்தால் அது வேலை.

கேட்கும் விதமும் முக்கியம். "சார், ரிசர்ச் பண்ண ஆசையா இருக்கு, கைடா இருக்கீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு நான் என்ன பதில் சொல்வது? மாதத்துக்கு நாலு வருகிறது. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: "சார், மெடிசின் போஸ்டிங்கில் தொற்றாநோய் (என்.சி.டி.) கிளினிக்கில் இருக்கிறேன். இன்சுலின் வாங்கிப் போகும் பலர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்கிறார்கள். அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இதைப் பற்றி இரண்டு பேப்பர் படித்தேன். புதன்கிழமை இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் உங்களைப் பார்க்கலாமா?" பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது?

இந்த மாணவியின் ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. பெரும்பாலோர் கொண்டுவருவது 'சர்க்கரை நோய் பற்றிய விழிப்புணர்வு' மாதிரி ஒன்று. கே.ஏ.பி. ஸ்டடி என்போம். அறிவு, மனப்பான்மை, பழக்கம் என்று இருபது கேள்வி கேட்டு, 'விழிப்புணர்வு போதாது, மேலும் விழிப்புணர்வு தேவை' என்று முடியும். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆய்வை எதற்குச் செய்ய வேண்டும்? இவர் கேட்டது வேறு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊர் மே மாதத்தில் ஓட்டு வீட்டுக்குள் என்ன வெப்பம் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் பாட்டில் எங்கே இருக்கிறது?

படிவத்தில் அவர் மூன்று விடை வைத்திருந்தார்: ஃப்ரிட்ஜ், மண்பானை, வெளியே. பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்க்க அனுப்பினேன். மூன்றாவது ஆளே, ஒரு பாட்டி, "ஃப்ரிட்ஜ்லதாம்மா, ஆனா பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்" என்றார். அவர்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டியிருந்த நாலு நாள் ஊசியே போடவில்லையாம். இன்னொருவர் மளிகைக் கடை கூலரில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களுக்கு நடுவே வைத்திருந்தார். மாணவி படிவத்தோடு ஓடி வந்தார், "சார், இதை எந்தக் கட்டத்துல டிக் பண்றது?" என்று. அந்தக் கேள்வி வந்த நிமிடத்தில் அவருக்குப் பயிற்சி பாதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். படிவத்தில் 'ஃப்ரிட்ஜ் யாருடையது' என்று ஒரு வரியும், 'எடுக்க முடியாமல் போன நாள் உண்டா' என்று இன்னொரு வரியும் சேர்ந்தன. கடைசியில் அந்த இரண்டு வரியிலிருந்துதான் எழுதத் தகுந்த விஷயம் கிடைத்தது.

எளிமையான கேள்வி என்று தயங்காதீர்கள். காசநோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்தே ஆக வேண்டுமா, வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா? 1950களின் கடைசியில் சென்னையில் 193 நோயாளிகளை வைத்து இதைத்தான் கேட்டார்கள். போதும் என்று 1959இல் வெளியான விடை உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது.

அடுத்தது எண்ணிக்கை, ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது. எந்தக் கல்லூரி ஹாஸ்டலில் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: நாலு பி க்யூ பை டி ஸ்கொயர். பி என்பது நாம் எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ என்பது நூறில் மிச்சம், டி என்பது எத்தனை புள்ளி முன்பின் போகலாம் என்பது. பி 30, டி 5 என்றால் 4×30×70÷25, ஆக 336 பேர். சதவீதமே தெரியாவிட்டால் 50 போடுவார்கள், 400 வரும். இரண்டு மாதத்தில் 400 பேர் நடக்காது என்று தெரிந்ததும் ஒரு வித்தை நடக்கும். டி-யை 10 ஆக்குவார்கள், சட்டென்று 100 ஆகிவிடும். இதைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன விலை கொடுத்தீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். விடை 50 சதவீதம் என்று வந்தால், உண்மை 40க்கும் 60க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இன்சுலின் மாணவி நேர்மையாகத் தலைகீழாகப் போட்டார். வாரம் இரண்டு நாள் கிளினிக், நாளுக்கு ஏழெட்டுப் பேர், எட்டு வாரம், ஆக 120 பேர்தான் முடியும். அப்படியென்றால் டி சுமார் 9. அதை அப்படியே புரபோசலில், அதாவது ஆய்வுத் திட்டத்தில், எழுதினார். ஒருவரும் குறை சொல்லவில்லை.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், க்ராக் செய்த எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கி லேப்டாப்பில் வைரஸையும் ஏற்றாதீர்கள். கணக்குக்கு ஜமோவி, மேற்கோள்களுக்கு ஜோடெரோ, இரண்டும் இலவசம். படிப்பதற்கு, அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் பாடம் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இருக்கிறது. பி.ஜி.க்களுக்குக் கட்டாயமான அதே பாடம்தான். இரண்டாம் ஆண்டில் பார்த்தாலும் புரியும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.

இப்போது எஸ்.டி.எஸ். ஐ.சி.எம்.ஆர். 1979இலிருந்து நடத்தி வருகிறது. இரண்டு மாத ஆய்வு, உதவித்தொகை உண்டு, உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைடு. ஆன்லைனில் புரபோசல் அனுப்ப வேண்டும், தேர்வானால் செய்து முடித்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகுதான் பணமும் சான்றிதழும். ஆகவே பயணம், ஜெராக்ஸ் எல்லாம் முதலில் உங்கள் கையிலிருந்து போகும். கண்டிப்பாக விண்ணப்பியுங்கள். தேர்வாவதைவிட, ஒரு கெடு தேதிக்குள் புரபோசல் என்ற ஒன்றை எழுதி முடிக்க வைக்கிறது பாருங்கள், அதுதான் இதில் லாபம். தேர்வாகவில்லை என்றால் அதே புரபோசலைக் கல்லூரி அளவில் செய்யலாம், தடை ஒன்றும் இல்லை. என் மாணவர்களில் நன்றாக ஆய்வு செய்த இருவர் எஸ்.டி.எஸ்.ஸில் நிராகரிக்கப்பட்டவர்கள்தான்.

ஆய்வில் சேர்பவர்களின் நலனைப் பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியை மாணவர்கள் தாண்ட வேண்டிய ஒரு கேட் மாதிரி நினைக்கிறார்கள். வார்டில் போய் நின்றால் அது என்ன என்று தெரியும். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நோயாளி எழுந்து உட்கார்ந்து, "நீங்க சொன்னா சரிங்க டாக்டர், எங்க கைநாட்டு வைக்கணும்?" என்பார். அது சம்மதம் ஆகாது. முடியாது என்று சொன்னாலும் மாத்திரை கிடைக்கும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குப் புரிந்த பிறகு சொல்வதுதான் சம்மதம். படிவத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கூகுளில் போட்டுத் தமிழாக்க வேண்டாம். 'நீங்கள் இவ்வாய்வினின்று எக்கணமும் விலகிக்கொள்ளலாம்' என்று ஒரு படிவத்தில் பார்த்தேன். உங்கள் பாட்டியிடம் சொல்வதுபோல் எழுதுங்கள். உங்கள் பேட்ச் மாணவர்களையே ஆய்வுக்கு எடுப்பதும் சுலபம் என்று நினைக்காதீர்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் மாணவர்களும் எளிதில் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் பட்டியலில்தான் வருகிறார்கள். சார் சொன்னார் என்றால் ஜூனியர் எப்படி மறுப்பான்?

பேப்பரில் பெயர் போடும் தகராறு எல்லா ஊரிலும் உண்டு, நூறு வருடத்துக்கு மேலாக உண்டு. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், உடலியல் பேராசிரியர் வில்லியம் ஹோவலின் ஆய்வகத்தில் இருந்தார். இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடச் சொல்லியிருந்தார் ஹோவல். கல்லீரலிலிருந்து மெக்லீன் எடுத்த ஒன்றோ உறையவிடாமல் தடுத்தது. ஹோவல் நம்பவில்லை. பூனை இரத்தம் இருந்த பீக்கரில் அதைக் கலந்து பேராசிரியரின் மேசையில் வைத்து, "உறைந்ததும் சொல்லுங்கள்" என்றாராம் மெக்லீன். பின்னாளில் அவரே எழுதியது. அது உறையவே இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க இன்றும் கொடுக்கும் ஹெபரின் மருந்தின் கதை அங்கே தொடங்குகிறது. 1916இல் வந்த அந்தக் கட்டுரையில் மெக்லீனின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, பேராசிரியர் தன் பெயரைச் சேர்க்கவில்லை. ஆனால் ஹெபரின் என்ற பெயர் 1918இல் ஹோவலின் கட்டுரையில் வந்தது, பெருமை யாருக்கு என்ற சர்ச்சை பல வருடம் ஓடியது. எனக்கு இதில் பிடித்தது பீக்கரை மேசையில் வைக்க ஒரு மாணவரை அனுமதித்த அந்த அறைதான்.

நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் வேறு. எட்டிக்கூடப் பார்க்காத நாலு பேர் பெயர் பேப்பரில் ஏறும், மாணவர் பெயர் ஐந்தாவதாக இறங்கும். பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதி தெளிவாக இருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ உண்மையான பங்கு வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ கை வைத்திருக்க வேண்டும், இறுதி வடிவத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஏதாவது பிரச்சினை வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். இதைக் கைடிடம் வாதாட உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் தொடக்கத்திலேயே, சண்டை எதுவும் இல்லாத நாளில், "சார், பேப்பர் வந்தா பெயர் வரிசை எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அன்றே நன்றி சொல்லி ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். மெயில் இருந்தால் போதும், பல தகராறு வராமலே போகும்.

ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், மூவாயிரம் அனுப்புங்கள் என்று மெயில் அனுப்பும் ஜர்னல்களைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள். பணம் வாங்காத நல்ல இதழ்கள் இருக்கின்றன. இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ் ஓர் உதாரணம். நிராகரிப்பார்கள், காரணம் எழுதுவார்கள், அந்தக் காரணங்களைப் படிப்பதும் பயிற்சிதான்.

கடைசியாக ஒன்று. நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில், எத்திக்ஸ் கமிட்டி அடுத்து எந்தத் தேதியில் கூடுகிறது, எத்தனை நாள் முன்பு எத்தனை நகல் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் கல்லூரியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடுகிறது, அதுவும் தள்ளிப்போகும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, முதல் பக்கம் எழுதும் நாளை முடிவு செய்யுங்கள். அந்த ஒரு பக்கத்தோடு மூன்றாவது ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மதிய ஓ.பி. முடிந்து, டீ வரும் நேரமாகப் பார்த்து.